லோமா ப்ரியேட்டா 1989: காந்தமானியில் பதிவானது முன்னறிகுறியா, கருவிக் கோளாறா?

காந்தமுள்:
நிலநடுக்கத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க மின்காந்த ஆய்வு பண்றதே வீண் செலவுன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. 1989 அக்டோபர் 17, கலிஃபோர்னியாவின் லோமா ப்ரியேட்டாவில் 6.9 அளவு நிலநடுக்கம். மையத்திலிருந்து 7 கி.மீ. தள்ளி, கொரலிட்டோஸில் ஸ்டான்ஃபோர்டின் ஃப்ரேசர்-ஸ்மித் குழு வச்சிருந்த காந்தமானியில் (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) ரெண்டு வாரம் முன்னாடியே இரைச்சல் கூட ஆரம்பிச்சது. கடைசி 3 மணி நேரத்தில் 0.01 ஹெர்ட்ஸில், அதாவது 100 வினாடிக்கு ஒரு தடவை அசையுற மெதுவான அலையில், எகிறிடுச்சு. 63 பேர் செத்தாங்க. இதை எப்படி ஒதுக்க முடியும்?

பாறைப்பித்தன்:
ஒதுக்கல நண்பரே, சோதிச்சுப் பார்த்தாச்சு. தாமஸ், லவ், ஜான்ஸ்டன்னு மூணு ஆய்வாளர்கள் 2009ல் அந்தப் பதிவை மறுபடி அலசி, கருவிக் கோளாறுதான் காரணமா இருக்கணும்னு எழுதினாங்க. ஒரே இடம், ஒரே கருவி. சரிபார்க்கப் பக்கத்தில் இன்னொண்ணு இல்ல. 2004ல் அதே கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 6.0 அளவு நிலநடுக்கம் வந்தப்போ சுத்தி நிறைய கருவிகள் காத்துக்கிட்டு இருந்தது. முன்கூட்டி எதுவும் சிக்கல.

காந்தமுள்:
6.0க்கும் 6.9க்கும் ஆற்றலில் 20 மடங்குக்கு மேல வித்தியாசம். சின்னது மௌனமா இருந்தா பெருசும் மௌனமாத்தான் இருக்கும்னு எப்படிச் சொல்றீங்க?

வைகறை:
அலைவரிசையையும் கவனிங்க. ரேடியோ அலை பாறைக்குள்ள சில மீட்டரிலேயே அடங்கிடும். 0.01 ஹெர்ட்ஸ் அலைதான் பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேல வரும். ஆனா அதே அலைவரிசையிலதான் சூரியனால் வரும் காந்தக் கிளர்ச்சியும் இருக்கு. சான்ஃபிரான்சிஸ்கோ பார்ட் மின்ரயில்களும் இந்த மாதிரி மெதுவான அலைகளைக் கிளப்புதுன்னு அளந்து காட்டினவரே ஃப்ரேசர்-ஸ்மித்தான். பூமிக்கடியிலிருந்து வர்றதை மட்டும் பிரிச்செடுக்கணும்னா தூரத்தில் இன்னொரு நிலையம் கட்டாயம் வேணும்.

காந்தமுள்:
பிரான்ஸோட டெமீட்டர் செயற்கைக்கோள்? நிலநடுக்கத்துக்கு 4 மணி நேரம் முன்னாடி, ராத்திரியில், 1.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அலைகளோட வலிமை லேசா குறையுறது அதில் தெரிஞ்சது.

பாறைப்பித்தன்:
ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்களைச் சேர்த்து சராசரி எடுத்தாத்தான் அது தெரியும். தனியா ஒண்ணுக்கு முன்னாடி அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதை நம்பி எந்த ஊரைக் காலி பண்ணச் சொல்வீங்க? பொய் எச்சரிக்கை ரெண்டு தடவை வந்தா மூணாவது தடவை ஒருத்தரும் வீட்டை விட்டு வெளிய வரமாட்டாங்க. ஆய்வு நடக்கட்டும், நான் தடுக்கல. எந்த அளவைத் தாண்டினா எச்சரிக்கைன்னு முன்னாடியே எழுதி வைங்க. தாண்டியும் ஒண்ணும் நடக்காத நாட்களையும் வெளியிடுங்க.

காந்தமுள்:
அதுக்குச் சம்மதம். நிலநடுக்கம் கிளம்புற பாறைப் பிளவுக் கோடு நெடுக ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு காந்தமானி, மூலத்தரவு எல்லாருக்கும் திறந்திருக்கணும். அதுக்கான பணத்தை நிறுத்தச் சொல்றதைத்தான் எதிர்க்கிறேன்.