மருதமுனைக் கைத்தறிக் கடைக்கு நோர்வே வெள்ளைச் சுவரா? ஐடியா எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

வாவிக்கரை:
மட்டக்களப்பில் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் டிசைனராக இருக்கிறேன். நகைக்கடை, டியூட்டரி, கல்யாண மண்டபம், பாசிக்குடாப் பக்கம் ஒன்றிரண்டு ஹோட்டல் என்று கிளையண்டுகள். ஓபிசில் எல்லோரும் ஒரே அறையில்தான் இருக்கிறோம், கதைப்பது மட்டும் வட்ஸ்அப்பில். 'ரெபரன்ஸ்' என்று ஒரு குரூப். காலையில் கண் விழித்தால் பின்ட்ரெஸ்ட் படங்கள் அதில் குவிந்து கிடக்கும். இரவு பதினொரு மணிக்குப் பொஸ் ஒரு ரீலைப் போட்டு 'இது மாதிரி' என்பார். எது மாதிரி? நிறமா, பாட்டா, அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கிற விதமா? கேட்டால் ஒரு தம்ஸ்அப் வரும்.

போன தீபாவளிக்கு நான் ஒரு நகைக்கடைக்குச் செய்த போஸ்டும், வேறு ஏஜென்சி வேறு கடைக்குச் செய்ததும் என் ஃபீடில் மேலும் கீழுமாக வந்தன. அதே கருநீலப் பின்னணி, அதே தங்க வளையம், அதே குத்துவிளக்கு. அவர்கள் என்னைப் பார்த்துச் செய்யவில்லை, நானும் அவர்களைப் பார்க்கவில்லை. இரண்டு பேர் கண்ணிலும் ஒரே படம் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, உள்ளூராகச் செய்வோம் என்றால் உடனே கல்லடிப் பாலமும் பாடும் மீனும். 1924 இல் திறந்த பாலம் பாவம், டியூட்டரி நோட்டீசுக்கும் போகிறது, பிரியாணிக் கடை பனருக்கும் போகிறது.

இப்போது மருதமுனையிலிருந்து ஒரு கைத்தறிக் கடை வந்திருக்கிறது. சாரம் (லுங்கி), சாரி, மேசை விரிப்பு. அவர்களுடைய பக்கத்துக்கு ஒரு வருடத்துக்கான தோற்றம் வேண்டுமாம். குரூப்பில் விழுந்த ரெபரன்ஸ் எல்லாம் நோர்வே, சுவீடன் பக்கத்துக் கடைகள்: வெள்ளைச் சுவர், காய்ந்த புல்லுக் கொத்து, ஒரு மர நாற்காலி. அந்தச் சுவருக்கு முன்னால் நம்முடைய சிவப்புக் கட்டம் போட்ட சாரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். வீட்டு ஆட்கள் துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது.

நீங்கள் எங்கே போய்த் தேடுகிறீர்கள்? 'இன்டர்நெட்டை விட்டு வெளியே போ' என்று மட்டும் சொல்லாதீர்கள், சோறு அதிலிருந்துதான் வருகிறது.

சும்மா_பார்த்தவன்:
கிளையண்ட் நோர்வே கேட்டால் நோர்வே கொடுங்கள். சம்பளம் நேரத்துக்கு வருகிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வாவிக்கரை:
கிளையண்ட் கேட்கவில்லை அண்ணா, கேட்டது பொஸ். கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: 'நிறம் சரியா வரணும், ஆன்லைனில் பார்த்திட்டு வாங்கினவங்க திருப்பி அனுப்புறாங்க.'

கல்முனை போர்ட்காரன்:
மகள், உங்களுக்கு வேண்டிய விடையைக் கடைக்காரரே சொல்லிவிட்டார், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பிளெக்ஸ் வருமுன்னம் கையால் போர்ட் எழுதினவன். இப்போது மகன் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார், நான் கல்லாவில் உட்கார்ந்து ஆட்களுக்குப் புத்தி சொல்கிறேன். கைத்தறித் துணியின் நிறத்தை ஏன் போனில் பிடிக்க ஏலாது தெரியுமா? அது ஒரு நிறம் இல்லை. நெடுக்கே ஓடுகிற பாவு ஒரு நூல், குறுக்கே ஓடுகிற ஊடை இன்னொரு நூல். சிவப்புப் பாவில் மஞ்சள் ஊடை ஓடினால் நாலடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்குச் செம்மஞ்சள். கிட்டப் போனால் சிவப்பும் மஞ்சளும் தனித்தனியாக நிற்கும். கட்டம் போட்ட சாரத்தில் பாருங்கள், சிவப்பும் சிவப்பும் குறுக்கிடுகிற மூலை அழுத்தமாக இருக்கும், சிவப்பு வெள்ளையைக் கடக்கிற இடம் வெளிறி இருக்கும். இரண்டே நூல், கண்ணுக்கு மூன்று நிறம். அந்த மூன்றாவது நிறம் எந்த பெயின்ட் டின்னிலும் கிடைக்காது.

ஆகவே ஒவ்வொரு துணிக்கும் இரண்டு படம் போடுங்கள். ஒன்று நூல் தெரிகிற அளவுக்குக் கிட்ட, மற்றது ஆள் உடுத்து நிற்கிற தூரத்தில். வாசல் நிழலில் எடுங்கள், டியூப் லைட்டுக்குக் கீழே வேண்டாம், வெள்ளை பச்சையடிக்கும். வாங்குகிறவருக்கும் ஏமாற்றம் இல்லை, உங்களுக்கும் ஒரு வருடத்துக்கான தோற்றம் கிடைத்துவிடும். பக்கத்தின் மற்ற நிறங்களையும் அந்த மூலைகளிலிருந்தே எடுங்கள். பின்ட்ரெஸ்டில் எதற்கு நிறம் தேடுகிறீர்கள்?

அக்கரைப்பற்று ராத்தா:
நானா சொன்னதற்குப் பிறகு துணியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. குரூப்பைப் பற்றிச் சொல்கிறேன். நான் வீட்டிலிருந்தபடி கொழும்பு ஏஜென்சி ஒன்றுக்கு வேலை செய்கிறவள், எங்களுக்கும் இதே வியாதி இருந்தது.

பின்ட்ரெஸ்ட் நீங்கள் எதைச் சேமிக்கிறீர்களோ அதற்குக் கிட்டினதைத்தான் மேலும் காட்டும். ஓபிசில் எல்லோரும் சேர்ந்து ஒரே மாதிரிப் படங்களைச் சேமிக்கச் சேமிக்க எல்லோருடைய திரையும் ஒரே சந்துக்குள் போய் முட்டும். தீபாவளிக்கு உங்களுக்கு நடந்தது அதுதான். நாங்கள் செய்தது சின்ன விஷயம்: லிங்க் போடுகிறவர் அதிலிருந்து எதை எடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். 'எழுத்துக்கு மேலே விட்டிருக்கிற வெற்றிடம்', 'விலையை மூலையில் வைத்த விதம்', இந்த மாதிரி. எழுத முடியாவிட்டால் போடக்கூடாது. முதல் கிழமையிலேயே குரூப் அமைதியாகிவிட்டது. பாதிப் பேருக்குத் தாங்கள் ஏன் அனுப்புகிறோம் என்றே தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்று, வெளிநாட்டு லேஅவுட்டில் தமிழைக் கொட்டும்போது கவனம். அவர்கள் தலைப்பு முழுவதையும் கெப்பிட்டல் எழுத்தில் போட்டு ஒரே உயரத்தில் செங்கல் அடுக்கின மாதிரி நிறுத்துவார்கள். நமக்குக் கெப்பிட்டல் கிடையாது. விசிறியும் சுழியும் மேலே எழும்பும், உகரம் கீழே இறங்கும், அதே இடைவெளியில் இரண்டு வரி வைத்தால் ஒன்றோடொன்று உரசும். முக்த மலர், பலூ தம்பி, கட்டமரன் என்ற தமிழ் எழுத்துருக்கள் மூன்றும் கூகுளில் இலவசம். முதலில் தமிழ்த் தலைப்பை வைத்துவிட்டு அப்புறம் படத்துக்கு இடம் தேடுங்கள். பாதி டெம்ப்ளேட்டுகள் தாமாகவே கழன்று விழும்.

பொஸ் அனுப்புகிற ரீலில் சினிமாப் பாட்டு இருக்கும், இல்லையா? டிக்டொக் பிஸ்னஸ் கணக்குக்கு அந்தப் பாட்டுகள் கிடைக்காது, வணிகத்துக்கென்று ஒதுக்கின தொகுப்பிலிருந்துதான் எடுக்கலாம். அதில் இருப்பதெல்லாம் லிப்டுக்குள் கேட்கிற இசை. தறியின் சத்தத்தைப் பதிவு செய்து போட்டுவிடுங்கள், யாரும் உரிமை கேட்டு வரமாட்டார்கள்.

செங்கலடிக் கூத்தன்:
உள்ளூர் என்றால் பாலம், மீன் என்று வாவிக்கரை அலுத்துக்கொண்டது நியாயம். ஆனால் அடுத்த கட்டமாக எல்லோரும் கூத்துக் கிரீடத்துக்குத் தாவுகிறார்கள், அதையும் சொல்லவேண்டும். வடமோடிக் கூத்து அரசனின் உடுப்பை வெட்டி நகைக்கடை விளம்பரத்தில் ஒட்டுவதற்கும் பாலத்தை ஒட்டுவதற்கும் என்ன வித்தியாசம்?

கூத்திலிருந்து எடுக்க வேறு விஷயம் இருக்கிறது. வட்டக்களரி, சனம் நாலு பக்கமும் உட்கார்ந்திருக்கும், ஆட்டம் விடிய விடிய நடக்கும். பின்னால் பாயில் பாதித் தூக்கத்தில் இருக்கிறவருக்கும் வந்தது அரசனா சேவகனா என்று தெரியவேண்டும். அரசன் போடுகிற கரப்புடுப்பின் அகலத்தையும் கண்ணாடி வைத்த கிரீடத்தையும் அந்தக் கண்ணால் பாருங்கள். கல்லடியில் மோட்டார் சைக்கிளில் போகிறவன் உங்கள் பனரைப் பார்ப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். தூரத்திலிருந்து ஒன்று விளங்க வேண்டும், மிச்சம் கிட்ட வந்தால் போதும்.

அக்கரைப்பற்று ராத்தா:
இது நல்ல பேச்சு. இதோடு கலண்டரையும் சேருங்கள். கொழும்பிலிருந்து எனக்கு வருகிற போஸ்ட் அட்டவணையில் பெப்ரவரி என்றால் காதலர் தினம், முழுக்க இருதயம். இங்கே அம்பாறைப் பக்கம் பெப்ரவரி, மார்ச் பெரும்போக அறுவடை. வயல்காரர் கையில் காசு புழங்குகிற காலம் அதுதான். மோட்டார் சைக்கிள், நகை, பிள்ளையின் கல்யாண உடுப்பு எல்லாம் அப்போதுதான் யோசிப்பார்கள். அந்த நேரத்தில் இருதயத்தை அனுப்பி என்ன பிரயோசனம்? கைத்தறிக் கடைக்கும் வருடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: பெருநாள்கள், அறுவடை, சித்திரை. ஹிஜ்ரிக் கணக்கில் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும், போன வருட அட்டவணையைக் கொப்பி அடிக்க வேண்டாம்.

வாவிக்கரை:
எல்லோருக்கும் சரியான நன்றி. ராத்தா, 'ஒரு வரி எழுதவேண்டும்' என்ற சட்டத்தைப் பொசிடம் நான் எப்படிச் சொல்வது? நான் ஓபிசில் எல்லோருக்கும் இளையவள்.

அக்கரைப்பற்று ராத்தா:
சட்டம் என்று சொல்லாதீர்கள் தங்கச்சி. நீங்கள் போடுகிற லிங்குக்கெல்லாம் நீங்களே ஒரு வரி எழுதத் தொடங்குங்கள். அவர் 'இது மாதிரி' என்றால், 'நிறத்தைச் சொல்கிறீர்களா, கமரா நகர்கிறதையா?' என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். தம்ஸ்அப் போட்டுத் தப்ப முடியாது. இரவு பதினொரு மணிக்கு வருவதற்கு மட்டும் காலையில் பதில் போடுங்கள்.

வாவிக்கரை:
சரி. நானா, மருதமுனைக்கு நேரில் போய்த் தறியைப் பார்த்துப் படம் எடுக்கப்போகிறேன். வெள்ளிக்கிழமை போகலாமா?

கல்முனை போர்ட்காரன்:
வெள்ளி வேண்டாம் மகள், ஜும்ஆ நாள், அரைவாசி வேலையில் எழும்பிவிடுவார்கள். சனி காலையில் போங்கள். கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு போகவேண்டாம், பஞ்சு ஒட்டும்.