மொட்டுக் காளானில் பழுப்புக் கறை: உங்களுக்கு வந்திருக்கிறதா?

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது அறுவடைக்குக் காத்திருந்தேன். முந்தின நாள் மாலை பார்த்தபோது குடைகள் எல்லாம் பளிச்சென்று வெள்ளை. விடிகாலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதிக் குடைகளில் வெளிர்மஞ்சளாகச் சின்னச் சின்னப் பொட்டு. மத்தியானத்துக்குள் அவை தேன் நிறமாகி, ஒன்றோடொன்று கலந்து, மேல்தோல் லேசாகக் குழிந்துவிட்டது. தொட்டால் பிசுபிசுப்பு. ஒன்றை அரிந்து பார்த்தேன். உள்ளே சதை வெள்ளையாகத்தான் இருந்தது. கறை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறங்கவில்லை.

பூசணம் என்று நினைத்துப் பூசணக்கொல்லி அடித்தேன். அதைவிட மடத்தனம் வேறு இல்லை. மருந்து ஒன்றும் செய்யவில்லை, அதோடு போன தண்ணீர்தான் கறையை இன்னும் பரப்பியது. பிறகுதான் இது சூடோமோனாஸ் டொலாசி என்ற பாக்டீரியாவின் வேலை என்று தெரிந்தது. 1915லேயே டோலாஸ் என்பவர் எழுதி வைத்த நோய். பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது டொலாசின் என்று ஒரு நச்சை விடுகிறது. அந்த நச்சு காளான் செல்லின் சவ்வில் ஓட்டை போட, உள்ளே இருப்பது கசிந்து வெளியே வருகிறது. பழுப்பு நிறம் பாக்டீரியாவுடையது அல்ல, காளானுடையதுதான். வெட்டி வைத்த பழம் கறுக்குமே, அதே கதை.

தண்ணீர் ஊற்றும் அளவை நான் குறைக்கவில்லை. மாலைத் தெளிப்பை மட்டும் காலைக்கு மாற்றினேன், தெளித்து முடித்ததும் மின்விசிறியை ஓடவிட்டேன். குடை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அடுத்த அறுவடையில் கறை பட்டது பத்துக்கு ஒன்றுகூட இல்லை.

உங்களுக்கு எப்படி?

*

எனக்குச் சிப்பிக் காளானில் வந்தது. அதில் குடையில் பொட்டு விழும்வரை காத்திருப்பதில்லை, மொட்டு நிலையிலேயே மஞ்சளாகிப் பிறகு ஆரஞ்சு நிறம் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. கொத்துக் கொத்தாக ஈரத் துணி மாதிரி தொங்கும். பையில் துளை போட்ட இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆனது.

பிளீச்சிங் பவுடர் பற்றி யாராவது கேட்பீர்கள், அதனால் நானே சொல்கிறேன். 10 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் குளோரின் ஏறக்குறைய 150 பிபிஎம் (லிட்டருக்கு 150 மில்லிகிராம்) வரும். தெளிய வைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். புதிதாக வருவதைத் தடுக்க இது ஓரளவு உதவுகிறது. வந்த கறையைப் போக்காது. பெட் ஈரமாகவே கிடந்தால் இதுவும் வீண்.

*

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. ஒரு சின்னச் சேர்க்கை: தெளிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் கால்சியம் குளோரைடு கலக்கிறேன். கறை குறைகிறது, காளானும் கொஞ்சம் கெட்டியாக வருகிறது. அப்புறம், பறித்தபோது சுத்தமாக இருந்த காளான்கூட குளிர்பெட்டிக்குள் கறை பிடிக்கும். சூட்டோடு பையில் அடைத்தால் உள்ளே வியர்க்கும், அது போதும் அதற்கு.

*

எல்லாவற்றையும் ஈரத்தின் தலையில் கட்டாதீர்கள் நண்பர்களே. எனக்கு வந்தது மம்மி நோய். அதில் கறையே கிடையாது.

காளான் வளர்வதை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. காம்பு வளைந்து, அடியில் பஞ்சு மாதிரி காளானின் இழை. அழுகவில்லை, தோல் போலக் காய்ந்தது. காம்பை வெட்டும்போது கத்தியில் மணல் நெரிவது போல ஒரு உணர்வு. விசிறியைப் போட்டேன், கதவைத் திறந்தேன், எதற்கும் மசியவில்லை. ஏனென்றால் மம்மி நோயைத் தரும் பாக்டீரியா குடை மேல் உட்காருவதில்லை, காளான் இழையோடு இழையாகப் பெட்டுக்குள்ளேயே நகர்கிறது. ஒரே நாளில் 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை போகும். நான் தினமும் காலையில் குச்சி நட்டு அடையாளம் வைத்தேன். மறுநாள் குச்சியைத் தாண்டியிருக்கும்.

கடைசியில் சாய்ந்த காளான் இருந்த இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, பெட்டின் குறுக்கே அடிவரை வாய்க்கால் மாதிரி வெட்டி இழைத் தொடர்பை அறுத்தேன். அந்தப் பக்கம் போனது போனதுதான். இந்தப் பக்கம் தப்பித்தது.

*

முதலில் எழுதியது நான்தான். மம்மி நோய்க்காரர் சொல்வது சரிதான், எல்லாம் ஈரத்தால்தான் என்ற என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

இன்னொரு சொதப்பலையும் சொல்லிவிடுகிறேன். கறை வந்த கோபத்தில் அடுத்த முறை மேல்மண்ணை (இழை படர்ந்த பெட்டின் மேல் மூடும் மண்) ஒரு கிருமிகூட மிஞ்சாத அளவுக்கு அவித்துவிட்டேன். இழை பஞ்சாகப் படர்ந்தது, மொட்டு மட்டும் வரவே இல்லை! மேல்மண்ணில் இருக்கும் சூடோமோனாஸ் புட்டிடா போன்ற பாக்டீரியாக்கள்தான் மொட்டு வைக்கவே உதவுகின்றனவாம். ஒரே குடும்பத்தில் ஒருவன் கெடுக்கிறான், ஒருவன் பிள்ளை பெற வைக்கிறான். இப்போது 60 முதல் 65 டிகிரியில் சில மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

*

நான் காளான் வித்து மட்டும் தயாரிக்கிறேன், அதாவது விதையாகப் போடுவதற்குக் காளான் இழை படரவிட்ட தானியம். என்னிடம் வருவது வேறு மாதிரி: புட்டியில் தானியம் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று, மூடியைத் திறந்தால் புளித்த நாற்றம். பாசில்லஸ் வகைதான் பெரும்பாலும். 121 டிகிரியில் வேகவைத்தும் அந்த பாக்டீரியாவின் ஸ்போர்கள் (கெட்டி ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கும் நிலை) சில தப்பிவிடும். இப்போது தானியத்தை முதல் நாளே ஊற வைத்துவிடுகிறேன். உறங்கிக் கிடப்பது ஈரம் பட்டு முளைத்தால் சூட்டில் சுலபமாகச் செத்துப்போகும்.

சந்தேகமான புட்டியை மோந்து பார்க்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை. போன வாரம்கூட நான்கைத் தூக்கிப்போட்டேன்.