ஏரோசாலுக்கு ஒரு சொல்: துளியா, துகளா?

வணக்கம் ஐயா,

நோய்ப்பரவல் பற்றிய கோவில் துண்டறிக்கையில், மூச்சோடு வெளிவந்து காற்றில் மிதக்கும் ஏரோசாலுக்கு ‘நுண்துளி’ என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான். இப்போது நானே அதைத் திரும்பப் பெறுகிறேன். அச்சுக்குப் போக இன்னும் நாளிருக்கிறது.

வகுப்பில் பிள்ளைகளிடம் அந்த வரியைப் படித்துக் காட்டி, “சரி, என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். தள்ளி நிற்போம், கை கழுவுவோம், மேசையைத் துடைப்போம் என்றார்கள். ஜன்னலைத் திறப்போம் என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. துளி என்றால் விழும், விழுந்ததைத் துடைக்கலாம். “சாம்பிராணிப் புகை மாதிரிப் பரவும்” என்று மாற்றிச் சொன்னேன். பின்வரிசைப் பையன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தே விட்டான்.

நாமும் அப்படித்தானே இருந்தோம். 2020 ஏப்ரலில், கோவிட் ஊரடங்கில், மொரீசியசில் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படிக் கடைக்குப் போனது நினைவிருக்கிறதா? பிள்ளை வீட்டாருக்குப் புதனும் சனியும், கோவிந்தன் வீட்டாருக்குச் செவ்வாயும் வெள்ளியும். வெளியே வெயிலில் இடைவெளியை அளந்து அளந்து நின்றோம். உள்ளே, மூடிய கடையில் ஏசி சுற்றிச் சுற்றி அனுப்பிய ஒரே காற்றை எல்லோரும் மூச்சில் இழுத்தோம். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அளவையும் பாருங்கள். 100 மைக்ரோமீட்டர் (மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி வாயிலிருந்து சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும். 5 மைக்ரோமீட்டர் என்றால், அசையாத காற்றிலேயே தரையைத் தொட அரை மணி நேரம். 1 மைக்ரோமீட்டருக்கு அரை நாள். 1934இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் விழுவதையும் மிதப்பதையும் பிரித்த கோடு 100க்குப் பக்கத்தில் இருந்தது. பிற்காலப் பாடநூல்களில் அது 5 ஆகிவிட்டது. காசநோய்க் கிருமி நுரையீரலின் அடிவரை போகத் தேவையான அளவு அந்த 5. அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டிவிட்டார்கள். 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் ‘கோவிட் காற்றுவழிப் பரவாது’ என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னதற்குப் பின்னாலும் இந்தப் பழைய கணக்கு இருந்தது.

எனவே ‘துளி’யைக் கைவிட்டு ‘மிதவைத்துகள்’ என்று வைக்கலாமா?

— ரோஸ் ஹில்

*

அம்மா,

மிதவை வேண்டாம். சங்கப் பாட்டில் மிதவை என்றால் கூழ். கோவில் அறிக்கையில் ‘மிதவைத்துகளால் நோய் பரவும்’ என்று போட்டால், கஞ்சி வார்ப்பதை நிறுத்தச் சொல்கிறோம் என்று எவராவது தர்மகர்த்தாவிடம் போய் நிற்பார். (சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் இதற்கு ஆளிருக்கிறது.)

எனக்குத் ‘துவலை’ பிடிக்கும். நெடுநல்வாடையில் வெண்மேகம் தூவுகிற மெல்லிய தூறல் அது. கியூர்பீப்பில் இருப்பவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூலையில் இங்கே மழை விழுவதே இல்லை, சும்மா காற்றில் நின்றுகொண்டிருக்கும். குடை பிடித்தும் சட்டை நனையும். முகக்கவசம் சரியாகப் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உவமை உண்டா?

— கியூர்பீப்

*

ஐயா, அக்கா, இருவருக்கும் வணக்கம்.

துவலை அழகுதான், ஆனால் அதுவும் நீர்தான். வெளியே வந்த கணமே ஈரம் பெரும்பாலும் உலர்ந்து, உப்பும் புரதமும் வைரசும்தான் மிஞ்சும். ஆகவே ‘துகள்’ சரி. நான் முதலில் ‘அலைதுகள்’ என்று எழுதி வைத்திருந்தேன், காற்றில் அலைகிற துகள் என்று. பிறகுதான் உறைத்தது: இயற்பியலில் ‘அலை-துகள் இருமை’ (ஒளி அலையாகவும் துகளாகவும் நடந்துகொள்வது) ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. என் மாணவர்கள் என்னைக் கொன்றுவிடுவார்கள்.

இன்னொன்று. 2024 ஏப்ரலில் அதே உலக சுகாதார நிறுவனம் பெரிது, சிறிது என்று கோடு கிழிப்பதை விட்டுவிட்டு, ‘தொற்றும் மூச்சுத்துகள்’ என்று பொருள்படும் ஒரே சொல்லுக்கு வந்துவிட்டது. நாமும் ‘மூச்சுத்துகள்’ என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்வோம். அதில் பக்கத்தில் தெறித்து விழுவது தெறிதுகள். அறையெல்லாம் சுற்றுவது உலவுதுகள். காற்று உலவுகிறது என்று சொல்வது வழக்கம்தானே.

— போர்ட் லூயிஸ்

*

தம்பி,

உலவுதுகள்! இது கிடைக்கத்தான் இவ்வளவு மடல் எழுதினோம் போலிருக்கிறது. பஜனைக்காரர்களிடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பாடகர் குழுவைப் பற்றிச் சொல்லலாம் என்றிருக்கிறேன். 2020 மார்ச் 10, இரண்டரை மணி நேரப் பயிற்சி, வந்தவர்கள் 61 பேர், உறுதியானவர்களும் ஐயத்துக்குரியவர்களுமாகக் கோவிட் கண்டவர்கள் 53 பேர், இறந்தவர்கள் இருவர். அத்தனை பேர் மேலும் எச்சில் தெறித்திருக்க முடியுமா? பாடப்பாட உலவுதுகள் பெருகும்.

துண்டறிக்கை வரி இப்படி இருக்கட்டும்:

“நோயுள்ளவர் பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் மூச்சுத்துகளில் சில தெறித்து விழும், பல புகைபோல் உலவும். தெறிதுகளுக்குத் தள்ளி நில்லுங்கள். உலவுதுகளுக்கு ஜன்னலைத் திறங்கள், மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் அணியுங்கள்.”

ஐயாவின் தூறலை முகக்கவசப் படத்துக்குக் கீழே போடுகிறேன், விடமாட்டேன்.

— ரோஸ் ஹில்

*

அம்மா, சம்மதம். துவலை தோற்றதில் வருத்தம் உண்டு, கோபமில்லை.

அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒன்று பாருங்கள். ‘மூச்சுத்துகள்’ என்பதில் ஒற்று மிகும். ‘உலவுதுகள்’, ‘தெறிதுகள்’ இரண்டும் வினைத்தொகை, மிகாது. நீங்கள் அனுப்பிய படத்தில் பிள்ளைகள் ‘உலவுத்துகள்’ என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறார்கள். அந்த ‘த்’தை அழிக்கச் சொல்லுங்கள்.

— கியூர்பீப்