விற்பனை நடக்கிறது, கையில் பணம் நிற்பதில்லை: இரண்டாவது மெஷினுக்குக் கடன் வாங்கலாமா?

பைத்தையல்:
வணக்கம். துணிப்பை தைத்துக் கடைகளுக்கு மொத்த விலையில் போடும் தொழில். ஆள் ஒருவர், மெஷின் ஒன்று. எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தட்டும் என்று வெறும் எண்ணாகவே கணக்கைத் தருகிறேன்.

ஒரு பை 100க்குப் போகிறது. துணி 30, ஜிப், நூல், பட்டை, லேபிள் எல்லாம் 18, ஆக 48. மாதம் 300 பை விற்கிறது. இட வாடகை, மின்சாரம், போன், மெஷின் தேய்மானம் என்று மாதச் செலவு 6,000. துணிக்கு ரொக்கம் கொடுக்க வேண்டும், கடைக்காரர்களோ 45 நாள் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். கணக்குப்படி பைக்கு 52 லாபம், மாதம் 9,600 மிஞ்ச வேண்டும். ஆனால் துணி வாங்கும் நாளில் கையில் பணம் இருப்பதே இல்லை. 60,000 கடன் வாங்கி இன்னொரு மெஷின் போட்டால் சரியாகுமா? வட்டி 12 சதவீதம் ஃபிளாட், 2 வருடம் என்கிறார்கள்.

பேரேடு:
கடன் பேச்சு அப்புறம். முதலில் அந்த 48ஐச் சரிபாருங்கள், அது முழு அடக்க விலை இல்லை.

துணியில் வெட்டுக்கழிவு சேர்த்தீர்களா? வெட்டுவதற்கு முன் ரோலை எடை போடுங்கள், வெட்டி முடித்ததும் துண்டுகளை எடை போடுங்கள். 10 கிலோ ரோலில் 800 கிராம் துண்டு விழுந்தால் கழிவு 8 சதவீதம். அப்படியானால் பைக்குத் துணிச்செலவு 30 இல்லை, 30ஐ 0.92ஆல் வகுக்க வரும் 32.60. கழிவு 8ஐத் தாண்டினால் பெரும்பாலும் துணியின் அகலம்தான் காரணமாக இருக்கும். பையின் அளவுக்குப் பொருந்தாத அகலத்தில் வாங்கினால் ஓரத்தில் நீளமாக ஒரு கீற்று வீணாகும். அதிலிருந்து கைப்பிடியோ உள்பாக்கெட்டோ வெட்ட முடிகிறதா என்று காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டு ரோலை வாங்குங்கள்.

அடுத்தது, விட்டுப்போன பெரிய செலவு: உங்கள் கூலி. வெட்டுவது, தைப்பது, நூல் கத்தரிப்பது, மடித்துக் கட்டுவது எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு எத்தனை நிமிடம்? 10 பையைத் தொடர்ந்து செய்து கடிகாரம் பார்த்து எழுதுங்கள். 35 நிமிடம் என்றும், அதே வேலைக்கு வெளியாள் மணிக்கு 40 கேட்பார் என்றும் வைத்துக்கொண்டால், கூலி 23.30. வண்டிச்செலவு 3, திரும்பி வரும் பழுதுக்கு 1. மொத்தம்: 48 + 2.60 + 23.30 + 3 + 1, கிட்டத்தட்ட 78.

ஆக ஒரு பையில் மிஞ்சுவது 22தான். 6,000ஐ 22ஆல் வகுத்தால் 273. மாதம் 273 பை விற்றால்தான் வரவும் செலவும் சமம். நீங்கள் விற்பது 300, உண்மையான லாபம் ஏறக்குறைய 600. மீதியெல்லாம் நீங்கள் உழைத்த 175 மணி நேரத்தின் கூலியும் கணக்கில் வராத செலவுகளும்தான். கூலியை லாபம் என்று நினைத்தால் தள்ளுபடி கொடுக்கத் துணிச்சல் வந்துவிடும். 10 சதவீதம் குறைத்து 90க்குக் கொடுத்தால் மிச்சம் 12. சமநிலைக்கே 500 பை தைக்க வேண்டும், அதற்கு மாதம் 290 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும்.

விலை போடும்போது இன்னொரு இடத்திலும் பலர் சறுக்குகிறார்கள். விற்பனையில் 30 சதவீதம் நிற்க வேண்டும் என்று அடக்கத்தோடு 30 சதவீதம் கூட்டுவார்கள். 78க்கு அது 101.40. அதில் நிற்பது 23 சதவீதம்தான். 78ஐ 0.70ஆல் வகுக்க வேண்டும், விலை 111.40.

கொள்முதல்:
பேரேடு சொன்னது லாபக் கணக்கு. துணி வாங்கும் நாளில் பணம் இல்லாததற்கு வேறு காரணமும் உண்டு: நாள் கணக்கு.

துணி ரோலாக எத்தனை நாள் கிடக்கிறது, தைத்த பை அனுப்பும் வரை எத்தனை நாள், அதன்பின் எத்தனை நாளில் பணம்? 20 + 10 + 45 என்று வைத்தால் 75 நாள். தினம் 10 பை, ஒன்றுக்குக் கழிவோடு சேர்த்து சரக்குச் செலவு 50.60. எனவே எந்த நாளில் பார்த்தாலும் சுமார் 38,000 ரோலாகவும் பையாகவும் பாக்கியாகவும் வெளியே நிற்கும். இது தொலைந்த பணம் அல்ல, ஆனால் கைக்கும் வராது. மாதம் 400 பை ஆக்கினால் இன்னும் 12,000க்கு மேல் உள்ளே போட வேண்டும். விற்பனை ஏறும் மாதத்தில்தான் கை அதிகமாகக் கடிக்கும், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் திகைத்துப் போவது இங்கேதான்.

நாளைக் குறைப்பதற்கு வட்டி கிடையாது. ரோலை 20 நாளுக்குப் பதில் 10 நாளுக்கு வேண்டிய அளவு வாங்கினாலே 3,200க்கு மேல் கைக்கு வந்துவிடும். துணிக்காரர் சில்லறை விலை போடாத குறைந்தபட்ச அளவு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கு இறங்கிய அன்றே பில், அதில் பணம் தர வேண்டிய தேதி. புதுக் கடை என்றால் 30 சதவீதம் முன்பணம்.

சீக்கிரம் தந்தால் 2 சதவீதம் தள்ளுபடி என்று அவசரப்பட்டு அறிவிக்காதீர்கள். 45 நாளில் வரும் பணத்தை 15 நாளில் வாங்க 2 சதவீதம் கொடுப்பது, 30 நாளுக்கு 2 சதவீத வட்டி. வருடத்துக்கு 24 சதவீதத்துக்கு மேல்.

பாக்கிப் பட்டியலை வாரம் ஒருமுறை நான்கு பத்தியாக எழுதுங்கள்: 30 நாள் வரை, 31 முதல் 60, 61 முதல் 90, அதற்கும் மேல். மூன்றாவது பத்திக்குப் போன கடைக்குப் பழைய பில் அடையும் வரை புதுச் சரக்கு கிடையாது. மொத்தப் பாக்கியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே கடையிடம் நிற்கவும் விடாதீர்கள். அந்தக் கடை மூடினால் உங்கள் தொழிலும் மூடும்.

மாதக் கடைசியில் ரோல், பாதி தைத்தது, முழுசாக முடிந்தது என்று எண்ணி எழுதுங்கள். ஒவ்வொரு வரவு செலவையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494இல் அச்சில் விளக்கிய லூக்கா பச்சோலியே வணிகனை முதலில் இருப்புப் பட்டியல் போடத்தான் சொல்கிறார். எண்ணாமல் போடும் லாபக் கணக்கு வெறும் ஊகம்.

தவணை:
கடன் கேள்விக்கு வருகிறேன். ஃபிளாட் என்றால் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் 60,000க்கே கடைசி வரை வட்டி. 2 வருடத்துக்கு 14,400. மாதத் தவணை 3,100. குறையும் நிலுவைக்கு வட்டி, அதாவது அடைத்தது போக மீதி அசலுக்கு மட்டும் வட்டி, என்ற கணக்கில் இது 12 இல்லை, வருடத்துக்கு 21.6 சதவீதம். உண்மையிலேயே குறையும் நிலுவைக்கு 12 சதவீதம் என்றால் தவணை சுமார் 2,825, மொத்த வட்டி 7,800க்குள் அடங்கும். இரண்டு இடத்தில் விசாரித்தால் சதவீதத்தை ஒப்பிடாதீர்கள். கையில் வரும் தொகை, தவணை, எத்தனை தவணை என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். கட்டணம் பிடித்துக்கொண்டு 58,500 கையில் கொடுத்தால் வட்டி இன்னும் ஏறிவிட்டது என்று பொருள்.

மெஷின் வேண்டுமா என்பதற்கு: ஒரே ஆள் இரண்டு மெஷினில் தைக்க முடியாது. ஆள் சேர்த்தால்தான் பயன். தவணை 3,100ஐ 22ஆல் வகுத்தால் 141. மாதாமாதம் கூடுதலாக 141 பை விற்றால் தவணை மட்டும் அடையும், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த 141 பையும் 75 நாள் வெளியே நிற்கும்போது சரக்குக்கே 18,000 அளவுக்கு முடங்கும். புது ஆளுக்கோ வாராவாரம் ரொக்கமாகக் கூலி. இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து.

பைத்தையல்:
கழிவை எடை போட்டுப் பார்க்கிறேன், நன்றி. விலையை 110 ஆக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் கடைகள் விட்டுப் போய்விடுமே? வீட்டுக்கு மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பதும் தெரியவில்லை.

பேரேடு:
110 என்றால் பைக்கு மிச்சம் 32. இன்றைய 6,600 மிச்சத்தை (300 பைக்கு 22 வீதம், மாதச் செலவு கழிக்கும் முன்) எடுக்க 207 பை போதும். 300இல் 93 பை குறைந்தாலும் இன்றைய நிலைதான், வேலையும் குறைவு. 270 பை விற்றால் லாபம் 2,640. எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். புதுக் கடைக்கு இன்றே 110. பழைய கடைக்கு அடுத்த ஆர்டரிலிருந்து என்று ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். தாமதமாகப் பணம் தரும் கடையிலிருந்து தொடங்குங்கள், அது போனாலும் நஷ்டம் குறைவு.

வீட்டுக்கு எடுப்பது உங்கள் கூலி, அதாவது பணம் வந்த பைக்கு 23. அனுப்பிய பைக்கு அல்ல. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, மாதம் ஒரே தேதியில் ஒரே தொகையாக மாற்றுங்கள். நடுவில் கை வைத்தால் அன்றே ரொக்கப் புத்தகத்தில் எழுதுங்கள். 110 வரும்போதே பிரியுங்கள்: சரக்குக்கும் வண்டிக்கும் 55, கூலி 23, மாதச் செலவுக்கு 22, மீதி 10 அவசர இருப்புக்கு. மூன்று மாதச் செலவான 18,000 சேர மாதம் 270 பையில் ஏழு மாதம் ஆகும். விற்பனை வரி வசூலித்தால் அது இந்த 110க்கு வெளியே, வாங்கிய அன்றே வேறு கணக்குக்குப் போக வேண்டும்.

தவணை:
ஒரு சேர்க்கை. அடுத்த 13 வாரத்துக்கு ஒரு தாள் போடுங்கள்: வாரத் தொடக்க இருப்பு, வரும் பணம், போகும் பணம், மிச்சம். வரவில் கடைக்காரர் சொன்ன தேதியை எழுதாதீர்கள், போன மூன்று பில்லுக்கு அவர் உண்மையில் பணம் தந்த நாளை வைத்து எழுதுங்கள். எந்த வாரம் மிச்சம் மைனஸில் போகிறதோ, அந்த வாரத் துணிக் கொள்முதலைத் தள்ளிவைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.