ஐஇபி (அவனுக்கென்று எழுதிய சிறப்புக் கல்வித் திட்டம்) உள்ள மாணவன், ஆங்கிலமும் புதிது: மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வது?

புது டீச்சர்:
அமெரிக்கப் பள்ளி ஒன்றில் சிறப்புக் கல்வி ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு பையன், வீட்டில் ஸ்பானிஷ், கற்றல் குறைபாடு என்று ஐஇபி இருக்கிறது. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு வைக்கிற விடா ஆக்செஸ் (WIDA ACCESS) ஆங்கிலத் தேர்வில் மொத்த மதிப்பெண் நகரவே மாட்டேன் என்கிறது. மொழி வரவில்லையா, குறைபாடுதான் தடுக்கிறதா? திங்கட்கிழமை வகுப்பில் இந்த மதிப்பெண் தாளை வைத்து நான் என்ன செய்ய?

இஎஸ்எல் பழசு:
மொத்த மதிப்பெண்ணை முதலில் ஓரம் வையுங்கள். அதில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் தலா 35%, கேட்பதற்கும் பேசுவதற்கும் தலா 15% தான். நன்றாகப் பேசுகிற, ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளை அதில் ஆங்கிலமே தெரியாதவன் மாதிரி தெரிவான். நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். பேச்சு ஏறி வாசிப்பு மட்டும் நின்றால் அவனுக்கு வேண்டியது ஒலி-எழுத்துப் பயிற்சி, நாலும் சேர்ந்து நின்றால் கதை வேறு.

மதிப்பீட்டு மேசை:
ஸ்பானிஷில் எப்படி இருக்கிறான் என்று யாராவது பார்த்தார்களா? ஆங்கிலம் போதாததையே முக்கியக் காரணமாக வைத்துக் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது என்று ஐடிஇஏ என்ற அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டமே சொல்கிறது. 1970இல் கலிஃபோர்னியாவில் டயானா வழக்கு வந்ததே இதனால்தான், ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஐக்யூ தேர்வு வைத்து மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டுவிட்டார்கள். ஆனால் ஒன்று, ஸ்பானிஷில் படிக்கவே சொல்லித்தராத பிள்ளைக்கு ஸ்பானிஷ் வாசிப்புத் தேர்வு வைத்துப் பயனில்லை. கதை சொல்லச் சொல்லுங்கள், சொல்லை ஒலிகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு மொழியிலும் தடுமாறினால்தான் குறைபாடு பக்கம் சந்தேகம் வலுக்கும்.

புது டீச்சர்:
எங்கள் மாவட்டத்தில் ஸ்பானிஷ் தெரிந்த உளவியலாளர் இல்லை. மொழிபெயர்ப்பாளரை வைத்து அதே ஆங்கிலத் தேர்வை நடத்தலாமா?

மதிப்பீட்டு மேசை:
நடத்தலாம், மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். அங்கேயே வாய்மொழியாகப் பெயர்த்தால் மற்ற பிள்ளைகளோடு மதிப்பெண்ணை ஒப்பிடும் அந்தத் தேர்வின் அட்டவணை செல்லாது, அவன் எப்படி யோசித்தான் என்பதை மட்டும் எழுதி வையுங்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கட்டும், அக்காவையோ அண்ணனையோ உட்கார வைக்க வேண்டாம்.

இஎஸ்எல் பழசு:
திங்கட்கிழமைக்கு: ஒன்றைச் சோதியுங்கள், கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுங்கள், திரும்பச் சோதியுங்கள். சட்டென்று பிடித்துக்கொண்டால் அவனுக்கு இதுவரை வாய்ப்புதான் குறைவு. அப்புறம் வாரம் ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கவிட்டு வரைபடம் போடுங்கள், உச்சரிப்புச் சாயலைப் பிழையாக எண்ணாமல். அவனை ஒப்பிடுவது அதே மொழிப் பின்னணிப் பிள்ளைகளோடு. "ஐஇபி இருக்கே, இஎஸ்எல் எதற்கு" என்று யாராவது அவனுடைய இஎஸ்எல் வகுப்பை (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்பு) அட்டவணையிலிருந்து எடுக்கப் பார்த்தால் விடாதீர்கள், சட்டப்படி இரண்டும் அவனுக்கு உண்டு.