காய்ச்சலுக்கு எத்தனை நாள் கஞ்சியும் ரசமும்? உங்கள் வீட்டில் எப்படி?

கொள்ளுரசம் எழுதியது:

வணக்கம். ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 13 மாதம். வீட்டில் பிஸ்கட் பாக்கெட், சத்துபானம் டப்பா எதுவும் கிடையாது. காலையில் ராகிக்கூழ் இல்லாவிட்டால் கம்பங்கூழ், மதியம் பெரும்பாலும் அரிசிம்பருப்பு, வாரம் ரெண்டு நாள் கீரை, ஞாயிறு நாட்டுக்கோழி. சளி பிடித்தால் கற்பூரவல்லி இலையைத் தோசைக்கல்லில் வாட்டிப் பிழிந்து, தேனில் குழைத்து நாக்கில் தடவுவேன். கொள்ளு வேகவைத்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம். காய்ச்சல் என்றால் முதல் ரெண்டு மூணு நாள் கஞ்சியும் ஈரத்துணியும்தான். மகளை இப்படியே நாலு வயது வரை ஓட்டிவிட்டேன், ஒரு ஆன்டிபயாடிக் உள்ளே போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். (தடுப்பூசி எல்லாம் நேரத்துக்குப் போட்டாச்சு. அந்தச் சண்டையை இங்கே ஆரம்பிக்காதீர்கள்.)

போன மாதம் பையனுக்குச் சளியோடு காய்ச்சல். மூணாவது நாள் ராத்திரி பால் கொடுக்கிறேன், நாலு வாய் குடிக்கிறான், விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறான், மறுபடி நாலு வாய். மூக்கடைப்பு என்று நினைத்து மாமியார் நல்லெண்ணெயை லேசாகச் சூடு காட்டி மூக்கில் ரெண்டு சொட்டு விட்டார். எங்கள் அம்மாயி வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள், அதனால் நானும் தடுக்கவில்லை. விடிந்ததும் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஓடினார். நிமோனியா. நாலு நாள் ஆஸ்பத்திரி.

என்னென்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். தேன் எட்டு மாதத்திலிருந்து கொடுக்கிறேன் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். "படிச்சவங்கதானே நீங்க?" அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. எது தப்பு, எது பரவாயில்லை என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தேன்.

இப்போது வீட்டுக்காரர் கற்பூரவல்லித் தொட்டியையே தூக்கிப் போடு என்கிறார். மாமியார் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் செய்ததில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும்? எத்தனை நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம்? "எல்லாமே மூடநம்பிக்கை", "எல்லாமே மருந்துக் கம்பெனி சதி", ரெண்டும் வேண்டாம்.

மண்வாசனை எழுதியது:

சகோதரி, பயப்படாதீர்கள். டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்கள். என் பாட்டி ஒன்பது பிள்ளை பெற்றவர், உரைமருந்தைத் தவிர ஒன்றும் கொடுத்ததில்லை. எண்ணெய், தேன், வசம்பு, இதில்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். நீங்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

ஓய்வுபெற்ற நர்சம்மா எழுதியது:

தாயி, டாக்டர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். தேனிப் பக்கம் 30 வருஷத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். என் வீட்டிலும் கற்பூரவல்லித் தொட்டி இருக்கிறது. தூக்கிப் போட வேண்டாம்.

முதலில் மூக்கில் எண்ணெய். அதை இன்றோடு விடுங்கள். தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் அப்படி இல்லை, சத்தமில்லாமல் நுரையீரலில் இறங்கி அங்கேயே தங்கிவிடும். அதனாலேயே ஒருவகை நிமோனியா வரும். உங்கள் பையனுக்கு எண்ணெயால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. பால் குடிக்கையில் மூச்சு வாங்கியது எண்ணெய் விடுவதற்கு முன்பே இருந்திருக்கிறதே. இதை உங்கள் மாமியாரிடமும் சொல்லுங்கள், பாவம், அவர் மனசுக்குள் வைத்து வெந்துகொண்டிருப்பார். மூக்கடைத்தால் மெடிக்கலில் சலைன் சொட்டு என்று கேளுங்கள், வெறும் உப்புத் தண்ணீர்தான் அது.

தேன் ஒரு வயது முடியும் வரை கூடாது. அதில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். நம் வயிற்றில் அது சும்மா கிடக்கும், கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், பிள்ளை துணி மாதிரி தொய்ந்துவிடும். அரிதுதான், ஆனால் கலப்படமில்லாத மலைத்தேனிலும் வரும், சூடு பண்ணினாலும் போகாது. உங்கள் பையனுக்கு 13 மாதம் ஆகிவிட்டது, இனி ராத்திரி இருமலுக்கு அரை ஸ்பூன் தாராளமாகக் கொடுக்கலாம். கடையில் தாமாக வாங்கும் சளி சிரப்புக்கு அது எவ்வளவோ மேல். ரெண்டு மருந்து கலந்த ஒருவகை சளி சிரப்பை நாலு வயதுக்குக் கீழே கொடுக்காதே என்று பாட்டிலிலேயே அச்சடிக்கச் சொல்லி மத்திய அரசு 2023-ல் உத்தரவு போட்டது. எத்தனை பேர் படித்தார்கள்?

கற்பூரவல்லிச் சாறு சில சொட்டு கொடுக்கலாம். பேரில்தான் கற்பூரம், சூடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தேங்காயெண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கிறார்கள் பாருங்கள், அது ரெண்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். சூடம் கொஞ்சம் வாய்க்குள் போனாலே வலிப்பு வரும். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதையும் விடச் சொல்வேன். பிள்ளை வளர்ப்பான் என்று பேர், கையில் வளையலாகக் கட்டிக்கொள்ளட்டும், கடித்து முழுங்காத வரைக்கும்.

இப்போது "எத்தனை நாள்". நாளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். மூச்சை எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போது, இல்லையென்றால் மடியில் சும்மா கிடக்கும்போது, சட்டையை நெஞ்சுக்கு மேலே சுருட்டிவிடுங்கள். போனில் ஒரு நிமிஷம் வைத்து, வயிறு ஏறி இறங்குவதை முழு நிமிஷமும் எண்ணுங்கள். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. குழந்தையின் மூச்சு நாலு வேகமாக வரும், அப்புறம் சற்று நிற்கும், மறுபடி வரும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதீர்கள். ரெண்டு மாதத்துக்குள் இருந்தால் 60, அதற்குமேல் ஒரு வயது வரை 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்தக் கணக்கைத் தொட்டுவிட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும், காய்ச்சல் முதல் நாளாக இருந்தாலும் சரி. அப்புறம் விலாவின் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது அந்த இடம் உள்ளே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டே உட்காராதீர்கள், கிளம்புங்கள். வண்டி வருகிற வரைக்கும் கஷாயம் வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போன தாய்மாரை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

மூணு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 காய்ச்சல் அடித்தாலே காத்திருக்கக் கூடாது. எந்த வயதானாலும் பால், தண்ணீர் குடிக்கவே மாட்டேன் என்கிறது, குடித்ததை எல்லாம் கக்குகிறது, வலிப்பு வந்தது, எழுப்பினாலும் கண் சொருகுகிறது என்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது என்று அர்த்தம். இது எதுவும் இல்லாமல், விளையாடிக்கொண்டு, சிறுநீர் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிற பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் என்றால் மூணு நாள் கஞ்சியும் ரசமும் நானே வைத்துத் தருவேன். மழைக்காலத்தில் மட்டும் இன்னொன்று. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்து. உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது, நல்லாயிடுச்சு என்று இருக்கும்போது வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் விடாதீர்கள். நிலவேம்புக் குடிநீர் குடித்தோமே என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடவும் கூடாது.

எங்கள் பக்கம் மருந்தைவிட அதிகம் கெடுத்தது பத்தியம்தான். வயிற்றால் போகிறது என்றதும் சோறு, பால், தண்ணீர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். கொடுக்கக் கொடுக்கப் போகிறது என்பார்கள். கொடுக்காவிட்டாலும் போகும் தாயி, உள்ளே இருப்பதும் சேர்ந்து போகும். தாய்ப்பால், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, குழைந்த சோறு, எதையும் நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில்தான் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் தெம்பு வரும் என்று நினைத்துவிட்டது. உப்பு ஏறி, பிள்ளை நாக்கை நீட்டி நீட்டித் தண்ணீர் கேட்டது. நல்ல வேளை, தப்பித்தது. பழரச டப்பாவில் அந்த மூணு எழுத்தைப் போட்டு விற்றதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது. அது சர்க்கரைத் தண்ணீர். சரியாகக் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலை, ரெண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால் கொடுங்கள். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மாவே கிடைக்கும்.

மண்வாசனை தம்பி, பாட்டி ஒன்பது பெற்றார் சரி. எத்தனை பேர் பெரியவர்கள் ஆனார்கள் என்று வீட்டில் கேட்டீர்களா?

சோளக்காடு எழுதியது:

நர்சம்மா சொன்னதற்கு மேல் நோயைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சாப்பாட்டைப் பற்றி ஒன்று. நாங்களும் உங்களைப் போலத்தான் அக்கா, பாக்கெட் எதுவும் உள்ளே வராது. சொந்த மாடு ரெண்டு. மகளுக்குச் சோறு இறங்கவில்லை என்றால் பால், அழுதால் பால், தூங்கப் பால். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாது. கலப்படமில்லாத பால்தானே என்று எங்களுக்கும் நிம்மதி.

மூணு வயதில் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்ன ஆரம்பித்தாள். கல்யாணத்தன்று மழை வரும் என்று எல்லோரும் சிரித்தோம். அப்புறம் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டினாள், அக்காவின் பல்பத்தைத் தின்றாள். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.8தான். பாலில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை, வயிற்றை அடைத்துவிடுவதால் வேறு எதுவும் இறங்காது, அதுதான் காரணம் என்றார்கள். பாலை ரெண்டு டம்ளராகக் குறைத்தோம். இரும்புச்சத்து மருந்து மூணு மாதத்துக்கு மேல், பூச்சி மாத்திரை ஒன்று. சாப்பாட்டில் முருங்கைக்கீரை, முட்டை, சனிக்கிழமை ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கிடைத்தால் அதுவும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ, அப்போதுதான் கீரையில் இருக்கிற சத்து உடம்பில் சேருமாம். சாப்பாட்டோடு டீ கூடாது. எங்கள் அம்மா பேத்திக்கு அரை டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரியும்.

பல்பம் தின்பது ரெண்டு மாதத்தில் தானாக நின்றது. நாங்கள் திட்டவும் இல்லை, வேப்பெண்ணெய் தடவவும் இல்லை.

உங்கள் மகளுக்கு ராகிக்கூழ் நல்லதுதான். ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள்.

மண்வாசனை எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன். ஆறு பேர். மற்ற மூணு பேருக்குப் பேர் வைத்தார்களா என்றே அம்மாவுக்குத் தெரியவில்லை. ஒருத்தியை மட்டும் சின்னப்பாப்பா என்று கூப்பிடுவார்களாம், வாந்திபேதியில் போய்விட்டதாம். இத்தனை வருஷத்தில் இதை யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கொள்ளுரசம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நர்சம்மா, நீங்கள் எழுதியதை மாமியாருக்கு அப்படியே சத்தமாகப் படித்துக் காட்டினேன். எண்ணெய்க்கு முன்பே மூச்சு வாங்கியது என்ற இடம் வந்ததும் "மறுபடி படி" என்றார். படித்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் அவரே வந்து, அப்படியென்றால் உச்சந்தலையில் எண்ணெய் வைக்கலாமா என்று கேட்டார். தலைக்குத் தாராளமாக வையுங்கள் அத்தை என்றேன்.

மகளுக்குச் சனிக்கிழமை ரத்தம் பார்க்கிறோம். அவள் பச்சரிசி தின்பதில்லை, ஆனால் திருநீற்றை நக்குவாள். சாமிப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நேற்று ராத்திரி பையன் தூங்கும்போது சட்டையைச் சுருட்டி எண்ணினேன். முதல் தடவை எண்ணும்போது எனக்கே மூச்சு முட்டி எண்ணிக்கை தவறிவிட்டது. ரெண்டாவது தடவை வீட்டுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டார். 31. சளி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இன்றைக்குக் கொள்ளு வேக வைத்திருக்கிறேன், அவனுக்கு மிளகு குறைவாக. கற்பூரவல்லித் தொட்டியை வீட்டுக்காரர் மாடிப்படி வரைக்கும் எடுத்துப் போய் வைத்திருந்தார். திரும்பக் கொண்டுவந்து வைத்தாயிற்று.