பழைய சைனஸ், இப்போது பிட்யூட்டரி ஆபரேஷன்: தள்ளிப்போடலாமா?

தேவி, பட்டர்வொர்த்:
வணக்கம். அப்பாவுக்கு வயது 61. மோட்டார் ஓட்டும்போது ஓரத்தில் வரும் வண்டி கண்ணில் படவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்புரையாக இருக்கும் என்று போனால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற ஹார்மோன் சுரப்பியில் கட்டி, கண் நரம்பை அழுத்துகிறது என்றார்கள். மூக்கு வழியாகத்தான் எடுப்பார்களாம். அப்பாவுக்கோ ஆண்டுக்கணக்கில் சைனஸ். ஸ்கேனில் உள்ளே சளி தேங்கியிருக்கிறது, முதலில் ஆண்டிபயாடிக், அப்புறம்தான் ஆபரேஷன் என்று தேதியைத் தள்ளிவிட்டார்கள். "கட்டி பெரிசா, சளி பெரிசா?" என்று அண்ணன் குதிக்கிறார். தள்ளிப்போடுவது சரியா? சைனஸ் இருந்தால் ஆறுவதற்கு ரொம்ப நாள் ஆகுமா?

மாலா, ஆயர் ஹீத்தாம்:
தேவிம்மா, நானும் சைனஸோடு இதே ஆபரேஷன் செய்துகொண்டவள்தான். அண்ணனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மூக்கின் கடைசியில் ஸ்பீனாய்டு என்று ஒரு சைனஸ் அறை இருக்கிறது. அதைத் திறந்து, அதன் பின்சுவர் எலும்பை எடுத்துத்தான் கட்டியிடம் போகிறார்கள். அங்கே சீழ் இருக்கும்போது திறந்தால் கிருமி மூளை உறை வரைக்கும் போய் மூளைக்காய்ச்சல் வரலாம். இந்தக் கட்டி பெரும்பாலும் மெதுவாக வளர்வதுதான். ஆனால் பார்வை திடீரென்று குறைந்தாலோ, தாங்க முடியாத தலைவலியோடு வாந்தி வந்தாலோ தேதி பார்த்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆறுவதைக் கேட்டால், எனக்குக் கட்டியைவிட மூக்குதான் பாடாய்ப் படுத்தியது. காய்ந்த ரத்தமும் சளியும் பொருக்காக அடைத்துக்கொள்ளும். மூக்கு டாக்டர் கேமரா விட்டு எடுப்பார். பல வாரம் இழுக்கும், சைனஸ் உள்ளவர்களுக்கு இன்னும் கூடலாம். வாசனை போய்விட்டதால் வெங்காயம் கருகியதுகூட எனக்குத் தெரியவில்லை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து சொன்னார்! பிறகு மெல்லத் திரும்பியது.

நான் பயப்படச் சொல்வது வேறு ஒன்றுக்கு. சைனஸ்காரர்களுக்கு மூக்கு ஒழுகுவது பழகிப்போன விஷயம். ஆபரேஷனுக்குப் பிறகு மூளையைச் சுற்றியிருக்கும் நீர் (மூளைநீர்) மூக்கு வழியாகக் கசிந்தால்கூட "வழக்கமான சைனஸ்தானே" என்று துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்பாவிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

தேவி, பட்டர்வொர்த்:
ஐயோ அக்கா, அப்பா அப்படித்தான் செய்வார். எப்படிக் கண்டுபிடிப்பது?

மாலா, ஆயர் ஹீத்தாம்:
சளி என்றால் கொழகொழவென்று இருக்கும், நிறம் இருக்கும். மூளைநீர் வெறும் தண்ணீர் மாதிரி தெளிவு. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும், குனிந்தால் சொட்டும், தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கும். இதில் ஒரு குழப்பமும் இருக்கிறது: உப்புத்தண்ணீரில் மூக்கைக் கழுவினால் கொஞ்சம் உள்ளேயே தங்கி, பிறகு பூட்ஸ் மாட்டக் குனியும்போது சட்டென்று கொட்டும். அதுவும் தெளிவு, அதுவும் உப்பு! அதனால் நான் கழுவியதும் வாஷ்பேசினில் குனிந்து தலையை இரண்டு பக்கமும் சாய்த்து வடிய விடுவேன். கழுவி வெகுநேரம் ஆகியும் சொட்டினால் டாக்டருக்குப் போன். சந்தேகம் இருந்தால் அந்தத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் போனெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

ரவி, செந்தூல்:
நான் வார்டில் வேலை செய்யும் தாதி. மாலா அக்கா சொன்னது சரி. ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கைச் சிந்தவே கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முக்கிக்கொண்டு மலம் கழிக்கக் கூடாது, அதற்கு மருந்து தருவார்கள். அரிசி மூட்டை தூக்கும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதுவும் வேண்டாம். குறட்டைக்கு இரவில் காற்று மெஷின் போடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஓயாத தாகம், சிறுநீர் கொட்டுவது, அல்லது ஒரு வாரம் கழித்துக் குமட்டல், குழப்பம் இருந்தால் அது ஹார்மோன், ரத்தத்தில் உள்ள உப்பு (சோடியம்) விஷயம், உடனே காட்டுங்கள். கோடாலித் தைலம் போட்டு ஆவி பிடிப்பதை டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

தேவி, பட்டர்வொர்த்:
தைலம்தான் அவருக்கு உயிரே. ஒளித்து வைக்கிறேன்.

மாலா, ஆயர் ஹீத்தாம்:
வையுங்கள். மூக்கு கழுவும் பாட்டிலை இப்போதே வாங்கிப் பழக்குங்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. குழாய்த் தண்ணீர் கூடாது, காய்ச்சி ஆறவைத்ததுதான். ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது தொடங்குவது என்று அவர்கள் சொல்வார்கள், அதற்கு முன்னால் தொட வேண்டாம். புகைமூட்டம் வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மோட்டார் சாவியை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.